பழைய பாணியில் புதுக் கட்டடம்: நான்கு வழிகள், எது எங்கே பொருந்தும்?

தீயில் எரிந்துபோன ஒரு மண்டபத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அல்லது பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் நடுவே ஒரு மனை காலியாகக் கிடக்கிறது. அதுவும் இல்லையென்றால், பழைய வீடுகள் மேல் இருக்கும் ஆசையில் அதே மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டிக்கொள்ள நினைக்கிறீர்கள். மூன்றில் எந்த நிலையில் இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பழையதைப் பார்த்துச் செய்யலாமா, கூடாதா?

இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. ஒரு சாரார் 'போலி' என்பார்கள், இன்னொரு சாரார் 'பாரம்பரியம்' என்பார்கள், பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழையதைப் பார்த்துச் செய்யாத காலம் கட்டடக் கலையில் மிகக் குறைவு. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலி பண்டைய ரோமைப் பார்த்தது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா கிரேக்கத்தையும், கூரிய வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணியான கோதிக்கையும் மாறி மாறிப் பார்த்தது. ஆகவே தீர்மானிக்க வேண்டியது எவ்வளவு ஆழத்துக்குப் பின்பற்றப் போகிறோம் என்பதைத்தான். தோற்றத்தோடு நிறுத்திக்கொள்வதா, அளவு விகிதம் வரை போவதா, சுவர் எழுப்பும் முறை வரை இறங்குவதா? செலவு, வேலையாட்கள், பிற்காலப் பராமரிப்பு எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

அப்படிப் பார்த்தால் நான்கு வழிகள் இருக்கின்றன. இருந்ததை இருந்தபடியே மீட்டுக் கட்டுவது ஒன்று. பழைய பாணியிலும் பழைய முறையிலும் ஒரு புதுக் கட்டடத்தை எழுப்புவது இரண்டாவது. நவீனக் கட்டடத்துக்குப் பழைய முகப்பை மட்டும் அணிவிப்பது மூன்றாவது. பழையதன் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, அலங்காரத்தை விட்டுவிட்டு, இன்றைய கட்டடமாகவே கட்டுவது நான்காவது.

## முதலில் அளவுகோல்கள்

### சுவரும் வடிவமும் ஒத்துப்போகிறதா?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

பழைய பாணி என்று நாம் ரசிக்கும் பல உறுப்புகள் ஒரு வேலைக்காகப் பிறந்தவை. சுவரின் உச்சியில் வெளியே நீண்டிருக்கும் கல் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ வேண்டும் என்பதற்காக வந்தது அது. கீழே நின்று அண்ணாந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், நன்றாகச் செய்யப்பட்ட விளிம்பில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி ஒரு சிறு காடி, அதாவது பள்ளக் கோடு, ஓடும். விளிம்பின் அடியில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்ந்து வரும் நீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். புகைப்படத்தைப் பார்த்து விளிம்பைச் செய்பவர் இந்தக் காடியைச் செய்ய மாட்டார், படத்தில் அது தெரியாது. சில மழைக்காலம் போனதும் விளிம்புக்குக் கீழே கறுப்புத் தடங்கள் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் பெயின்ட் அடிப்பதும் தடம் வருவதும் மாறி மாறி நடக்கும்.

ஜன்னலும் அப்படித்தான். பழைய கட்டடத்தின் ஜன்னல் அழகாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் சுவரின் கனம். இரண்டடிச் சுவரில் ஜன்னல் உள்ளே தள்ளி நிற்கும், அதன் பக்கங்களில் நிழல் விழும். அரையடிச் சுவரில் அதே சட்டத்தை, அதே வளைவை வைத்தால் எல்லாம் தட்டையாக, அட்டையில் வரைந்து ஒட்டியது போல் நிற்கும். எங்கே குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது விஷயம் கலவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்பு வந்தால் சுண்ணாம்பே மெல்லக் கரைந்து வந்து அதை மூடிக்கொள்ளும், ஈரமும் வெளியேறும். சிமென்ட் கலவை கெட்டியானது, அசையாது. அதனால் சிமென்ட்டில் கட்டும் நீண்ட செங்கல் சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு முறை விரிவு இணைப்பு, அதாவது சுவர் விரிந்து சுருங்க இடம் தரும், ரப்பர் போன்ற பொருளால் அடைத்த இடைவெளி, விட வேண்டியிருக்கிறது. பழைய பாணி முகப்பின் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு ரப்பர்க் கோடு ஓடினால் அது எந்தக் காலத்து முகப்பு என்று சொல்லத் தேவையில்லை. அதைத் தூணுக்குப் பின்னாலோ மழைநீர்க் குழாய்க்குப் பின்னாலோ மறைக்க முடியும், ஆனால் வரைபடக் கட்டத்திலேயே யோசித்திருக்க வேண்டும். பழைய மென்மையான செங்கல்லைப் பழுதுபார்க்க சிமென்ட்டைப் பூசுவது இன்னும் மோசம். ஈரம் கலவை வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகப் போகும், செங்கல்லின் முகம் உதிரும், கலவை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

### மற்றவை

ஆதாரம்: எதைப் பின்பற்றுகிறோமோ அதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? அளவு வரைபடம் இருக்கிறதா, புகைப்படம் மட்டும்தானா, நினைவு மட்டும்தானா?

கைத்திறன்: செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? கட்டிய பிறகு பழுதுபார்க்கவும் இருப்பார்களா?

பயன்பாடு: லிஃப்ட், சக்கர நாற்காலி போகும் வழி, குளிரூட்டி, மின்கம்பி, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் எங்கே போகும்?

முப்பது வருடச் செலவு: கட்டி முடிக்கும் நாளின் கணக்கோடு முதல் பெரிய பழுதின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பவருக்குத் தெளிவு: எது பழையது, எது புதியது என்று அக்கறையோடு பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடியுமா? பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் கை வைப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் கிடையாது. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964-இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1994-இன் நாரா ஆவணம் இதைக் கொஞ்சம் விரித்தது. உண்மைத்தன்மை என்பது கல்லிலும் மரத்திலும் மட்டும் இருக்காது, செய்முறையிலும் பயன்பாட்டிலும் மரபிலும்கூட இருக்கும் என்று அது ஏற்றுக்கொண்டது.

| | இருந்தபடி மீட்பது | முறையோடு புதிதாக | முகப்பு மட்டும் | இலக்கணம் மட்டும் |
|---|---|---|---|---|
| ஆதாரத் தேவை | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு, அதனால்தான் தவறும் அதிகம் | ஆழ்ந்து படிக்க வேண்டும் |
| கைத்திறன் | அரிய கைவினைஞர்கள் | தொடர்ந்து கிடைக்க வேண்டும் | வார்ப்பு, ஒட்டு வேலை | நல்ல கட்டடக் கலைஞர், கவனமான கொத்து வேலை |
| முதல் செலவு | மிக அதிகம் | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் |
| முப்பது வருடச் செலவு | நடுத்தரம் | நன்றாகக் கட்டினால் குறைவு | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| இன்றைய பயன்பாடு | உள்ளே சமரசம் தேவை | திட்டமிட்டால் முடியும் | எளிது | எளிது |
| பார்ப்பவருக்குத் தெளிவு | தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும் | நடுத்தரம் | மிகக் குறைவு | அதிகம் |

## வழி ஒன்று: இருந்ததை இருந்தபடி மீட்பது

இதற்குப் பெரிய உதாரணம் வார்சா. 1944-இல் நாஜிப் படைகள் திட்டமிட்டுத் தகர்த்த பழைய நகரத்தை, போருக்குப் பிறகு போலந்து மக்கள் திரும்பக் கட்டினார்கள். போருக்கு முன்பும் போர் நடக்கும்போதும் கட்டடக் கலை மாணவர்களும் ஆசிரியர்களும் எடுத்து ஒளித்துவைத்திருந்த அளவு வரைபடங்கள் கைகொடுத்தன. 18-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெல்லொத்தோ தீட்டிய நகரக் காட்சிகளும் உதவின. 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு மக்கள் தங்கள் நகரத்தை முழுமையாக மீட்ட செயலுக்கே அந்த மதிப்பு.

ஆனால் வார்சாவிலும் 'அப்படியே' என்பதற்கு எல்லை இருந்தது. பல வீடுகள் 1939-இல் இருந்த தோற்றத்தை விட்டு அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளின் தோற்றத்தில் எழுந்தன. உள்ளே இன்றைய குடியிருப்புக்கு ஏற்ற அறைகள் வந்தன. நெருக்கமாக இருந்த பின்கட்டுகள் பல திரும்பக் கட்டப்படவில்லை, வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த வருடத்துத் தோற்றத்தை மீட்பது, உள்ளே எதை மாற்றுவது என்ற இரண்டு முடிவுகளையும் இந்த வழியில் போகும் யாரும் எடுத்தே ஆக வேண்டும்.

பாரிசின் நோத்ருதாம் கதீட்ரல் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து விழுந்த கூர்கோபுரம் இடைக்காலத்தது இல்லை. இடைக்காலக் கோபுரம் 18-ஆம் நூற்றாண்டிலேயே கழற்றப்பட்டுவிட்டது. எரிந்தது கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் 1859-இல் கோதிக் பாணியில் புதிதாக வடிவமைத்தது. அதாவது இப்போது மீட்கப்பட்டிருப்பது, பழைய பாணியை 19-ஆம் நூற்றாண்டு பின்பற்றிச் செய்ததன் மறுபிரதி. நவீன வடிவில் ஒரு கோபுரம் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்து, 2020-இல் பழையபடியே கட்டுவது என்று முடிவானது. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. காரணம், ஆதாரம் கையில் இருந்தது. 2014-இல் இரண்டு கட்டடக் கலைஞர்கள் அந்த ஓக் மரக் கூரையை அளந்து வரைந்திருந்தார்கள், அதற்கு முன்பே லேசர் அளவீடும் எடுக்கப்பட்டிருந்தது. சுமார் 2,000 ஓக் மரங்கள் வந்தன. கூரைச் சட்டங்களைக் கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் கதீட்ரல் திறந்தபோது, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நவீன நீர்த்தூவி ஏற்பாடும் சேர்ந்திருந்தது.

டிரெஸ்டன் நகரின் ஃபிராவன்கிர்ச்சே தேவாலயம் வேறு ஒரு பாடம். 1945 பிப்ரவரியில் இடிந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்குவியலாகக் கிடந்து, 2005-இல் மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. மீட்டெடுத்த பழைய கற்களைக் கூடியவரை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் வெளிர் மஞ்சள் புதுக் கல்லுக்கு நடுவே கருத்த பழைய கல் திட்டுத் திட்டாகத் தெரியும். எது எப்போதையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். தெளிவு என்ற அளவுகோலுக்கு இதைவிட நேர்மையான விடையை நான் கண்டதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள்: ஆதாரம் தேடுவதற்கே வருடங்கள் போகும். அசலில் இருந்த பலவீனத்தையும் சேர்த்துக் கட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. இடிபாடோ, அந்த இடத்தில் பிறகு வந்த கட்டடமோ ஒரு நினைவுச் சின்னமாகியிருந்தால், மீட்பது அதை அழிப்பதாகும். பெர்லினில் அது நடந்தது. 1950-இல் கிழக்கு ஜெர்மனி அரசு தகர்த்த அரண்மனையின் முகப்புகளை மீட்க, அதே இடத்தில் அந்த அரசு பிறகு கட்டிய குடியரசு மாளிகையை இடிக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு காலம் போனது.

இது நல்ல தேர்வாவது எப்போது: இழப்பு அண்மையது, அதை நினைவில் வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அளவு வரைபடங்கள் உள்ளன, கட்டடம் சமூகத்துக்குப் பொதுவானது என்ற நான்கும் சேரும்போது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் மறைந்ததை ஒரே ஒரு சித்திரத்தை வைத்து 'மீட்பது' மீட்பு ஆகாது. அது ஊகம்.

## வழி இரண்டு: பழைய பாணி, பழைய முறை, புதுக் கட்டடம்

மீட்பதற்கு இங்கே அசல் எதுவும் இல்லை. பாணியை ஒரு மொழியாக எடுத்துக்கொண்டு, அதே கல், அதே சுண்ணாம்பு, அதே மரவேலையில் இன்றைய தேவைக்கான கட்டடத்தை எழுப்புகிறோம். என் மனதுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். மிகக் கடினமானதும் இதுதான்.

ஏன் கடினம் என்பதற்கு லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கலாம். 1834-இல் பழைய அரண்மனை எரிந்ததும் நடந்த போட்டியில், புதுக் கட்டடம் கோதிக் அல்லது எலிசபெத் காலப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். சார்லஸ் பாரி வென்றார். அலங்கார வேலைகளை அகஸ்டஸ் பியூஜின் பார்த்துக்கொண்டார். தரைப்படத்தையும் நதிப்பக்க முகப்பையும் பார்த்தால் சீரான, சமச்சீரான செவ்வியல் ஒழுங்கு. அதன் மேல் கோதிக் நுணுக்கம். கூரை ஓடுகள் வார்ப்பிரும்பு. அது கட்டிய காலத்தில் இடைக்காலத்துக் கட்டடம் போல நடிக்கவில்லை, தன் காலத்துக் கட்டடமாகவே நின்றது.

அடி விழுந்தது கல்லில். ஆன்ஸ்டன் சுண்ணக்கல் செதுக்க எளிதாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டது. லண்டனின் நிலக்கரிப் புகைக்கு அது தாங்கவில்லை. வேலை முடிவதற்கு முன்பே சிதைவு தெரிந்தது. 20-ஆம் நூற்றாண்டில் வெளிப்புறத்தின் பெரும்பகுதியை வேறு கல்லால் மாற்ற வேண்டி வந்தது. கோதிக் பாணியின் ஒவ்வொரு நுணுக்கமான முனையும் நீரும் புகையும் தங்கும் இடம். கல் தேர்வில் விட்ட ஒரு பிழை ஆயிரக்கணக்கான முனைகளில் பெருகிவிடும்.

அதே கட்டடத்தின் மக்களவை அறை 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்தது. 1950-இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் அதைத் திரும்பக் கட்டியபோது கோதிக் தொனி எளிமையாகிவிட்டது. அறையின் நீள்சதுர வடிவமும், எல்லா உறுப்பினருக்கும் இருக்கை போதாத சிறிய அளவும் மட்டும் பிடிவாதமாகத் தக்கவைக்கப்பட்டன. எதிரெதிரே அமர்ந்து நெருக்கமாக விவாதிக்கும் பழக்கத்துக்கு அந்த அறைதான் உடல் என்று சர்ச்சில் 1943-இல் வாதாடியிருந்தார். அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு அறையின் பண்பைக் காப்பாற்றிய அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பழைய பாணிக்குள் புதுப் பொருளை மனமாரச் சேர்த்தவர்களும் உண்டு. மைசூர் அரண்மனை 1897-இல் எரிந்தபோது அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்த இன்றைய அரண்மனை, இந்தோ-சாரசனிக் என்று அழைக்கப்படும் கலவைப் பாணி. அதன் கல்யாண மண்டபத்தில் நிற்கும் மெல்லிய தூண்கள் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்பு. தூண் இரும்பாக இருப்பதால் மெலிந்திருக்கிறது, மெலிந்திருப்பதால் மண்டபம் அகலமாகத் திறந்துகொள்கிறது. பொருள் மாறியதும் வடிவமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. கல் தூண் மாதிரி பருமனாக இரும்பை வார்த்திருந்தால் அந்த மண்டபம் இவ்வளவு லேசாக இருந்திருக்காது.

கைத்திறன் எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு ஜப்பானின் ஈசே கோயில் தெளிவான விடை. 20 வருடத்துக்கு ஒரு முறை, பக்கத்து மனையில், அதே வடிவில் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. 20 வருடம் என்றால், ஒரு தச்சர் இளைஞராக ஒரு முறை உதவி செய்து, அடுத்த முறை தானே முன்னின்று செய்ய முடியும். பிரான்சின் குவெதெலோன் இதையே வேறு விதமாகச் செய்கிறது. 13-ஆம் நூற்றாண்டு முறைகளோடு ஒரு கோட்டையை 1997-லிருந்து எழுப்பிவருகிறார்கள். அங்கே கற்ற தச்சர்கள்தான் சிலர் பிறகு நோத்ருதாம் கூரைக்குக் கோடரி எடுத்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: வேலை மெதுவாக நடக்கும். சுண்ணாம்பு இறுக நேரம் எடுக்கும், நடுவில் அவசரப்படுத்த முடியாது. தடித்த சுவர் தரைப்பரப்பைத் தின்றுவிடும், சிறிய மனையில் இது பெரிய இழப்பு. பொறியாளரிடமும் அனுமதி தரும் அலுவலகத்திலும் சுமை தாங்கும் சுவரைப் பற்றி விளக்க வேண்டியிருக்கும். அப்புறம், மக்கள் அதை ஏற்க வேண்டும். எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940-களில் புது குர்னா கிராமத்தை மண் செங்கல்லில், தாங்குசட்டம் இல்லாமலே வளைவுக் கூரை எழுப்பும் நூபிய முறையில் கட்டினார். வடிவமும் முறையும் அருமையாக ஒத்துப்போயின. குடியேற வேண்டிய மக்களில் பெரும்பாலோர் வரவில்லை. அவர்கள் பிழைப்பு பழைய ஊரிலேயே இருந்தது.

நல்ல தேர்வாவது எப்போது: நீண்ட காலம் உங்கள் கையில் இருக்கப் போகிற கட்டடம், பக்கத்திலேயே கல்லும் கொத்தனாரும் கிடைக்கும் இடம், வேலையை அவசரப்படுத்தத் தேவையில்லாத கால அவகாசம். இதில் ஒன்று குறைந்தாலும் அளவைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முழு வீட்டுக்குப் பதில் ஒரு கூடத்தையோ திண்ணையையோ முறையாகக் கட்டுவது மேல்.

## வழி மூன்று: முகப்பை மட்டும் அணிவிப்பது

இன்று எங்கும் அதிகம் நடப்பது இதுதான். கான்கிரீட் சட்டகத்தின் மேல் மெல்லிய கல், இழைக் கான்கிரீட் வார்ப்பு, இல்லையென்றால் தெர்மாகோல் அச்சின் மேல் பூசிய தூண் தலைப்பு. விலை குறைவு, விரைவு, வாடிக்கையாளருக்கு உடனே பிடித்துவிடும்.

இதை மொத்தமாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பெர்லின் அரண்மனை இதன் கனமான வடிவம். கான்கிரீட் கட்டடத்துக்கு முன்னால் செங்கல்லும் கையால் செதுக்கிய மணற்கல்லும் சேர்ந்த மூன்று பரோக் (அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியப் பாணி) முகப்புகள். நான்காவது பக்கத்தை, நதியைப் பார்க்கும் கிழக்குப் பக்கத்தை, ஃபிராங்கோ ஸ்டெல்லா நவீனமாகவே விட்டார். சுற்றி நடந்து பார்ப்பவருக்கு எது என்ன என்று புரிந்துவிடுகிறது.

தற்காலிகக் கட்டடங்களுக்கும் இது இயல்பானது. 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக பெர்னார்ட் மேபெக் ரோமானிய இடிபாடு போன்ற ஒரு வட்ட மண்டபத்தையும் தூண் வரிசையையும், நார் கலந்த பிளாஸ்டரில் செய்தார். கண்காட்சி முடிந்ததும் போய்விடும் என்ற கணக்கு. ஊர் மக்களுக்கு அதை விட மனம் வரவில்லை. பிளாஸ்டர் உதிர்ந்து அது உண்மையிலேயே இடிபாடானது. 1960-களில் இடித்துவிட்டு கான்கிரீட்டில் மறுபடி கட்டினார்கள். மக்கள் ஒரு தோற்றத்தை நேசித்துவிட்டால், அது நிற்கும் என்று எண்ணிக் கட்டாததற்கு யாராவது பிறகு பணம் கொடுக்க வேண்டிவரும்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில்தான் மிக அதிகம். ஒட்டிய பொருளுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் வெயிலில் விரியும் அளவு வேறு. இடையில் நீர் புகுந்தால் எங்கே புகுந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பணத்தைக் கொட்டிச் சிறப்பாகச் செய்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. நியூயார்க்கில் 1913-இல் முடிந்த வுல்வொர்த் கட்டடம் எஃகுச் சட்டகத்தின் மேல் கோதிக் சுடுமண் உறை அணிந்தது. உறைக்குப் பின்னால் நீர் புகுந்து, பிடித்திருந்த இரும்பு துருப்பிடித்துப் பெருத்து, சுடுமண்ணை வெடிக்க வைத்தது. 1970-களின் கடைசியில் தொடங்கிய பழுதில் ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகளைக் கழற்றி மாற்ற வேண்டி வந்தது. அது திறமையின் உச்சத்தில் செய்த வேலை. தெர்மாகோல் தூணுக்கு எவ்வளவு நாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை உள்ளே போனால் தெரியும். லண்டனின் தென்மேற்கில் 1980-களில் குவின்லன் டெர்ரி கட்டிய ரிச்மண்ட் நதிக்கரை வளாகம் வெளியே பல காலத்துத் தனித்தனி வீடுகள் போலத் தெரியும். உள்ளே திறந்த அலுவலகத் தளங்கள் ஒரு 'வீட்டிலிருந்து' அடுத்த 'வீட்டுக்கு' நீளும். நதிக்கரைக்கு அது இதமான முகம்தான், ஆயிரம் பேர் அங்கே உட்கார்ந்து மகிழ்கிறார்கள். ஆனால் கதவும் ஜன்னலும் உள்ளிருக்கும் அறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நல்ல தேர்வாவது எப்போது: தெருவின் ஒரே சீரான வரிசையில் ஒரு பல் விழுந்தது போல இடைவெளி இருக்கிறது, தெருவுக்குத் தேவை முகம் மட்டும்தான் என்றால். அப்போதும் முகப்பைத் தன் எடையைத் தானே தாங்கும் சுவராகக் கட்டுங்கள், ஒட்டாதீர்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் இதைத் தவிர்க்கச் சொல்வேன்.

## வழி நான்கு: இலக்கணத்தை எடுத்துக்கொள்வது

ஸ்பெயினின் மெரிதா நகரில் ரஃபேல் மொனேயோ கட்டிய ரோமானியக் கலை அருங்காட்சியகம் 1986-இல் திறந்தது. உள்ளே நுழைந்தால் உயரமான செங்கல் வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ரோமானியர் செய்தது போல, இரண்டு செங்கல் முகங்களுக்கு நடுவே கான்கிரீட் நிரப்பிய சுவர். செங்கல் மெல்லியது, இடையில் கலவை தெரிவதே அரிது. ஒரு ரோமானியத் தூண் தலைப்பைக்கூட அவர் நகலெடுக்கவில்லை. அடித்தளத்தில் இருக்கும் உண்மையான ரோமானிய எச்சங்களின் கோணத்தை விட்டுத் தன் சுவர்களைச் சற்றுத் திருப்பியே வைத்திருக்கிறார். அதனால் எது அவருடையது, எது அவர்களுடையது என்பதில் குழப்பமே இல்லை.

பெர்லின் நோயெஸ் மியூசியத்தில் டேவிட் சிப்பர்ஃபீல்ட் இன்னொரு விதமாகச் செய்தார். போரில் சிதைந்து பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்த 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது. 2009-இல் திறந்தபோது, நடுக் கூடத்தில் பழைய மாடிப்படியின் அதே அமைப்பும் ஓட்டமும் இருந்தன, அலங்காரம் எதுவும் இல்லாமல் வெளிர் கான்கிரீட்டில். காணாமல் போன சுவர்களைப் பழைய செங்கல் கொண்டே நிரப்பினார், பூச்சு இல்லாமல். இலங்கையின் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டே நகரில் ஜெஃப்ரி பாவா 1982-இல் முடித்த நாடாளுமன்றம் கண்டிக் காலக் கூரையின் சாய்வையும் விரிவையும் எடுத்துக்கொண்டு, செம்புத் தகட்டில் போர்த்தி, நீர் நடுவே நிறுத்தியது.

இந்த வழி எளிது போலத் தோன்றும். மற்ற மூன்றையும் விட இதற்குத்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கிறது. முகப்பை நகலெடுக்கப் படம் போதும். இலக்கணத்தை எடுக்க, சுவருக்கும் திறப்புக்கும் என்ன விகிதம், கூரை எந்தச் சாய்வில் எவ்வளவு வெளியே நீள்கிறது, முற்றத்தில் நண்பகல் வெளிச்சம் எதுவரை வருகிறது, தெருவிலிருந்து எத்தனை படி ஏறுகிறோம் என்று அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் 'பழமையின் உணர்வு' என்று மட்டும் சொன்னால் கிடைப்பது மங்கலான ஒரு பெட்டி.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் குறைவு, மனிதர்களிடம் அதிகம். நல்ல கட்டடக் கலைஞர் வேண்டும், அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். குடும்பத்திலோ குழுவிலோ இருப்பவர்களுக்கு வரைபடத்தில் பார்த்தால் பழமை எதுவும் தெரியாது, ஏமாற்றமாக இருக்கும். அலங்காரம் இல்லாத சுவரில் கொத்து வேலையின் ஒவ்வொரு கோணலும் வெளியே தெரியும். பூச்சு மன்னித்துவிடும் தவறை வெறும் செங்கல் மன்னிக்காது.

நல்ல தேர்வாவது எப்போது: பெரும்பாலான நேரங்களில். தனி வீடு, பள்ளி, நூலகம், பழைய கட்டடத்தோடு சேரும் புதுப் பகுதி எல்லாவற்றுக்கும் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். நினைவில் பதிந்த ஒரு கட்டடத்தை இழந்து தவிக்கும் ஊருக்கு மட்டும் இது ஆறுதல் தராது. அங்கே முதல் வழிக்குத்தான் நியாயம் உண்டு.

## இரண்டு வழிகளுக்கு நடுவே நின்றால்

பட்டியலைப் பார்த்தும் முடிவு வரவில்லையென்றால், ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். பாணியைத் தேர்ந்துவிட்டுச் செய்பவரைத் தேடினால் கிடைப்பவர் கையில் பாணி மாறிவிடும். அந்த வேலையைப் பத்து வருடம் முன்பு முடித்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் கட்டியதை இப்போது போய்ப் பாருங்கள். புதிதாக முடித்ததைக் காட்டத்தான் எல்லோரும் விரும்புவார்கள். நீங்கள் பழையதைக் கேளுங்கள். விளிம்புகளின் அடியையும், தரையோடு சுவர் சேரும் இடத்தையும், மழைநீர்க் குழாயின் பக்கங்களையும் பாருங்கள்.

அடுத்து, முழு அளவில் ஒரு மாதிரி மூலையைக் கட்டச் சொல்லுங்கள். ஒரு ஜன்னல், அதன் மேல் விளிம்பு, கீழே ஒரு முழம் அடிச்சுவர் போதும். ஒப்பந்தத்திலேயே இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் செய்ய மாட்டார்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். மேலே வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி அது எந்த வழியாக இறங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு மழைக்காலம் அது நிற்க நேரம் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, வேலை முடிந்ததும் எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். மீந்த கல்லையும் செங்கல்லையும் கொஞ்சம், வார்ப்பு அச்சுகள், கலவையின் விகிதத்தை எழுதிய தாள், சுண்ணாம்பும் மணலும் எங்கே வாங்கியது என்ற விவரம், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கட்டடத்திலேயே ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். முதல் பழுது வரும்போது கொத்தனார் கேட்கப் போவது அதைத்தான்.